பெண்கள் பக்கத்து ஜெபமலர்

ஜெபமலர் முதன்முதலாகச் சினிமாவைப் பற்றி எழுதியபோது அவளுக்கு இருபத்துநாலு வயது. எழுதினாள் என்று சொல்வதுகூடச் சரியில்லை, கோத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். தென்காசியில் நல்லகண்ணு நடத்திவந்த ‘தென்மலைச் செய்தி’ என்ற வாரப் பத்திரிகையின் அச்சகத்தில், ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரி கோக்கிற வேலை அவளுக்கு. 1955ஆம் வருஷம் ஆனி மாதத்தில் ஒரு வாரம் கடைசிப் பக்கத்தில் கால் பத்தி காலியாகக் கிடந்தது. விளம்பரம் தருவதாகச் சொன்ன ஜவுளிக்கடைக்காரர் கையை விரித்துவிட்டார். “எதையாவது போட்டு அடைச்சு விடு தாயி” என்று சொல்லிவிட்டு நல்லகண்ணு சாப்பிடப் போனார். ஜெபமலர் காகிதத்தைத் தொடவே இல்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தைப் பற்றி நேராக ஈயத்திலேயே கோத்து முடித்தாள்.

“கதாநாயகி மூன்று நாள் பட்டினி கிடப்பதாகக் கதை. மூன்று நாளும் அவள் கொண்டை மல்லிகை வாடவில்லை. அந்தப் பூக்காரியின் விலாசம் கிடைத்தால் தென்காசிப் பெண்கள் சந்தோஷப்படுவார்கள். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த நூறு பேரில் ஒருத்திகூட அழவில்லை. – ஜெபமலர்.”

திரும்பி வந்து அச்சுப்படியைப் பார்த்த நல்லகண்ணு சிரித்தார். கடைசி வார்த்தைக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

“பேரு எதுக்கு? ‘ஒரு ரசிகர்’னு போடுவோம்.”

“எழுதுனது நான்தானே அண்ணாச்சி.”

“பொம்பளப் பேரு. நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேசுவாவ.”

“பேரில்லாம வந்தா நீங்க எழுதுனதா நெனைப்பாவ. நீங்க பெண்கள் பக்கம் உக்காந்தா படம் பாக்கிய?”

பெயரோடுதான் வந்தது.

அந்தக் காலத்தில் செண்பகா டாக்கீஸில் ஆண்களையும் பெண்களையும் இடுப்பளவுச் சுவர் ஒன்று பிரித்தது. ஆண்கள் பக்கம் விசில் பறக்கும். பெண்கள் பக்கம் வேறு விதமான சத்தம்: பிள்ளை அழும், முறுக்கு நொறுங்கும், வில்லன் வந்தால் சாபம் விழும், மாமியார் வேஷக்காரி வந்தால் அதைவிடப் பெரிய சாபம் விழும். இந்தச் சத்தத்தை எந்தப் பத்திரிகையும் அதுவரை எழுதியதில்லை. ஜெபமலர் அதைத்தான் எழுதினாள். அடுத்த வாரமும் கேட்டு ஆலங்குளத்திலிருந்து ஏழு கடிதம் வந்தது. அதன்பிறகு ‘பெண்கள் பக்கம்’ என்ற தலைப்பிலேயே வாராவாரம் அவள் எழுத்து வந்தது. சினிமா மட்டுமல்ல, கோயில் கொடையில் நடக்கிற நாடகம், குற்றாலம் சீசனுக்கு வருகிற சர்க்கஸ், ரிக்கார்டு டான்ஸ், கடையில் விற்கிற பாட்டுப் புத்தகத்தின் அச்சுப்பிழை, எல்லாம் அதில் இடம்பிடித்தன.

அவளுடைய அப்பா ஏசுதாசன் ஆலங்குளத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் சபை உபதேசியார். சினிமாக் கொட்டகைத் தெரு வழியாக நடப்பதைக்கூடத் தவிர்த்து, ஊரைச் சுற்றிப் போகிற மனிதர். ஒருநாள் பஸ்ஸில் பக்கத்து ஆள் கையிலிருந்த பத்திரிகையில் தன் மகள் பெயரைப் பார்த்துவிட்டு, அதே பஸ்ஸில் தென்காசிக்கே வந்துவிட்டார். அச்சகத்துக்குள் நுழையவில்லை. வாசலில் குடையை ஊன்றி நின்றார்.

“இது நீதானா?”

“நான்தாம்ப்பா.”

“பிசாசு வீட்டுக்குப் போறது ஒரு பாவம். போனேன்னு அச்சுல போட்டுச் சொல்லுதியே, அது என்னது?”

“ஒளிஞ்சு போகலைன்னு அர்த்தம்ப்பா.”

அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். ஐந்து வருஷம் மகளோடு பேசவில்லை.

தென்காசியில் அவள் போய்வந்த சபையின் கமிட்டி அதோடு விடவில்லை. இனிமேல் படம் பார்க்கமாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் திருவிருந்தில் அப்பம் என்றார்கள். அவள் கையெழுத்துப் போடவில்லை. கோயிலுக்குப் போவதை நிறுத்தவும் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாப் பெண்களோடும் எழுந்து போய்ப் பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டாள். சபைப் போதகரான ஐயர் அப்பத்தோடு வரிசையாக வந்து, அவளைத் தாண்டி அடுத்த பெண்ணிடம் போவார். அவள் எழுந்து தன் இடத்தில் வந்து உட்காருவாள். அடுத்த மாதமும் போவாள். பக்கத்து வீட்டு ரத்தினம் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: “ஏன்ட்டி இப்படி எல்லார் முன்னாலயும் அவமானப்படுத?” ஜெபமலர் சொன்னாள்: “நான் முழங்கால் போடுதேன். தாண்டிப் போறது அவிய. அவமானம் எனக்கா அவியளுக்கா?”

1958 சாரல் காலத்தில் மதராஸிலிருந்து ஒரு படக் கம்பெனி ஐந்தருவிக்கு வந்து பத்து நாள் படம் பிடித்துவிட்டுப் போனது. அடுத்த வருஷம் சித்திரையில் அந்தப் படம் செண்பகா டாக்கீஸுக்கு வந்தது. வருவதற்கு முன்னாலேயே மதராஸ் பத்திரிகைகள் எல்லாம் ஒரே கதையைப் பாடின: கதாநாயகி குற்றாலத்து அருவியில் டூப் போடாமல் தானே பாறையில் நடந்தார், தானே விழுந்தார், என்ன நெஞ்சுரம்! நம்ம ஊர் அருவி, நம்ம ஊர்ப் பாறை என்று தென்காசியே கொட்டகைக்குத் திரண்டது.

முதல் ஞாயிறு பகல் ஆட்டம். ஜெபமலர் வழக்கம்போலத் தன் காசில் தரை டிக்கெட் வாங்கி உட்கார்ந்தாள். கொட்டகைக்காரர் கொடுத்தனுப்பிய ஓசிப் பாஸை அவள் ஒருநாளும் வாங்கியதில்லை. படத்தில் இடைவேளைக்கு முன்னால் அந்தக் காட்சி வந்தது. அருவிக்குப் பக்கத்தில் பாறைமேல் ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறாள். தண்ணீர் சட்டென்று பெருகுகிறது. கால் வழுக்கி விழுகிறாள். பாறையைப் பிடிக்க ஒரு கை கேமராவுக்கு நேரே நீளுகிறது. அடுத்த நொடி, கதாநாயகியின் முகம் பெரிதாக வந்து அலறுகிறது.

ஜெபமலருக்குப் பின்னால் இருந்த ஒரு பெண் திடுக்கிட்டு எழுந்துவிட்டாள்.

“ஏட்டி! இது நம்ம குருவம்மா கையில்லா!”

அவள் பெயர் ஆவுடைத்தாய், இலத்தூர்க்காரி. இடைவேளையில் ஜெபமலர் அவளை விடவில்லை. ஆவுடைத்தாய் சொன்னாள்: “அந்தக் கையில பச்சை குத்தியிருந்துச்சே பாத்தியளா? தேளு. வால் இல்லாத தேளு. குறத்தி குத்தும்போது இவ வலி தாங்காம கைய இழுத்துட்டா, வாலுக்கு முன்னால நின்னு போச்சு. அப்படி ஒரு பச்சை வேற எவ கையில இருக்கும்?”

ஜெபமலர் மறுபடியும் டிக்கெட் எடுத்து அடுத்த ஆட்டத்துக்கும் உட்கார்ந்தாள். ஆமாம், கை நீளுகிற அந்த நொடியில் முழங்கைக்குக் கீழே தேள் இருந்தது. அதற்கு வால் இல்லை.

மறுநாள் காலை பஸ்ஸில் இலத்தூர் போனாள். குருவம்மாள் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து புளி உடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். நாற்று நடப் போகிற பெண். வலது கால் கணுக்காலுக்கு மேலே கோணலாகச் சேர்ந்திருந்தது. வந்தவள் சினிமாவைப் பற்றிக் கேட்கிறாள் என்றதும் புளியைத் தள்ளி வைத்தாள்.

“அந்தம்மாவுக்குப் பாறையப் பாத்ததும் நடுக்கம் எடுத்துட்டு. நான் வெறகுக்குப் போனவ, வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னேன். உயரம் சரியா இருக்குன்னு என்னைக் கூப்பிட்டாவ. அந்தம்மா சேலைய எனக்கு உடுத்தி விட்டாவ. பச்சை தெரியக்கூடாதுன்னு கையில மாவு மாதிரி என்னத்தையோ பூசுனாவ, தண்ணி பட்டதும் அது கரைஞ்சிட்டு. ரெண்டு தடவ நடந்து காட்டுனேன். மூணாவது தடவ தண்ணி கலங்கி வந்துச்சு. மேல மழ பெய்யுது, வேண்டாம்னேன். ‘ஒரே ஒரு தடவ’ன்னாவ.”

“விழுந்ததும்?”

“மூணு பேரு ஓடியாந்து தூக்குனாவ. ஆனா அந்தப் படம் புடிக்கிற பெட்டி மட்டும் நிக்கலக்கா. நான் கெடந்து கத்துதேன், அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருந்துச்சு. தென்காசி ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போட்டு எறக்கி விட்டாவ. அதுக்குப் பெறகு ஒரு ஈ, காக்கா வரல.”

“நான் இத எழுதட்டுமா?”

குருவம்மாள் சொன்னாள்: “எழுதுங்க. ஆனா பாவப்பட்டவன்னு எழுதாதிய. ரெண்டு தடவ வழுக்காம நடந்தம்லா, அதையும் சேத்து எழுதுங்க.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: “அக்கா, படத்துல நான் எப்படி இருக்கேன்?”

அவள் அந்தப் படத்தை இன்னும் பார்க்கவில்லை.

அந்த வாரப் ‘பெண்கள் பக்க’த்தின் தலைப்பு ‘விழுந்தது குருவம்மாள்’. ஜெபமலர் ஒரே மூச்சில் கோத்தாள். “இந்தப் படத்தில் நம்பும்படியாக இருப்பது ஒரே ஒரு காட்சி. அதில் நடித்தவர் பெயர் படத்தில் இல்லை. இலத்தூர் குருவம்மாள். வழுக்குப் பாறையில் இரண்டு தடவை பிசகாமல் நடந்தார். மூன்றாவது தடவை, வேண்டாம் என்று சொன்ன பிறகும் நடக்கச் சொன்னதால் விழுந்து கால் ஒடிந்தது. ஒடிந்த கால் அவருடையது, துணிச்சல் பட்டம் வேறொருவருக்கு. சந்தேகம் இருப்பவர்கள் அருவிக் காட்சியில் கையைப் பாருங்கள். வாலில்லாத தேள் தெரியும்.”

அச்சுப்படியைப் படித்த நல்லகண்ணு, “இது உண்மையா?” என்றார். “இலத்தூருக்கு பஸ் இருக்கு அண்ணாச்சி, போய்க் கேளுங்க” என்றாள். அவர் போகவில்லை, ஆனால் அச்சுக்கு அனுப்பினார்.

பத்திரிகை வந்த மறுநாள் செண்பகா டாக்கீஸ் முதலாளி குற்றாலிங்கம் அச்சகத்துக்கு வந்தார். ஆள் வாட்டசாட்டம், ஆனால் குரல் கீச்சுக்குரல். கோபம் வந்தால் இன்னும் மெலியும்.

“மதராஸ்லேர்ந்து போன் மேல போன் வருது. ஏ பிள்ள, நான் படம் ஓட்டிப் பொழைக்கவா வேண்டாமா?”

“ஓட்டுங்க அண்ணாச்சி. நான் ஓட்ட வேண்டாம்னு எழுதலையே. பாக்கத்தானே சொல்லியிருக்கேன்.”

“இனிமே உன் காலு என் கொட்டகைக்குள்ள படக்கூடாது.”

“சரி. வாசல் ரோடு சர்க்காரோடது. அங்கன நிப்பேன்.”

சொன்னபடியே நின்றாள். அடுத்த ஞாயிறு பகல் ஆட்டம் விடும்போது, பெண்கள் வெளியே வருகிற வாசலுக்கு எதிரே குடையைப் பிடித்துக்கொண்டு நின்று ஒவ்வொருத்தியாகக் கேட்டாள்: என்ன பார்த்தே, எது பிடித்தது, எங்கே கொட்டாவி வந்தது? அந்த வார எழுத்து இப்படித் தொடங்கியது: “என்னை உள்ளே விடவில்லை. எனவே இந்த வாரம் விமர்சனம் எழுதியவர்கள் பதினெட்டுப் பேர்.” பதினெட்டுப் பெண்களின் பெயரும் ஊரும் அவர்கள் சொன்ன சொல்லும் அப்படியே வந்தன. வடகரையிலிருந்தும் செங்கோட்டையிலிருந்தும் பெண்கள் அந்தக் கையைப் பார்க்கவே வண்டி கட்டி வரத் தொடங்கினார்கள்.

மூன்றாவது ஞாயிறு குருவம்மாளே வந்தாள். புருஷன் பேச்சிமுத்துவின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினாள். கல்யாணச் சேலையை உடுத்தியிருந்தாள்.

“வாங்கக்கா, உள்ள போவோம்.”

“என்னை விடமாட்டாவ. நீ போயிட்டு வா.”

“அப்ப நானும் போகல.”

“நீ போகாம இருக்கவா நான் இவ்வளவும் எழுதுனேன்? போ ஏட்டி உள்ள!”

குருவம்மாள் போனாள். ஜெபமலர் கொட்டகையின் தகரச் சுவருக்கு வெளியே நின்றாள். வசனமும் பாட்டும் தகரத்தில் மோதி மோதிக் கேட்டன. இரண்டு தடவை பார்த்த படம் என்பதால் ஒவ்வொரு காட்சியும் அவளுக்குத் தெரிந்தது. இப்போது கல்யாணப் பேச்சு. இப்போது படகு. இப்போது அருவி. அருவிச் சத்தம் பெரிதானது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே குரலாக வந்தது: “குருவம்மா! ஏ குருவம்மா!” அதற்குப் பிறகு கைதட்டல். சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்களும் சேர்ந்துகொண்டார்கள். விசில் தகரத்தைக் கிழித்தது. ஜெபமலர் வாயைப் பொத்திக்கொண்டு ரோட்டில் நின்று அழுதாள். யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை.

படம் விட்டு வந்த குருவம்மாள் சொன்ன முதல் வார்த்தை: “நடந்ததை ஒரு தடவதான் காட்டுதாவ. விழுந்ததை மட்டும் நல்லா இழுத்துக் காட்டுதாவ.” அடுத்த வாரம் அது அப்படியே அச்சில் வந்தது.

குற்றாலிங்கத்துக்கு மதராஸிலிருந்து உத்தரவு வந்தது போலிருக்கிறது. நாலாவது ஞாயிறு அந்தக் காட்சியையே வெட்டிவிட்டுப் படத்தை ஓட்டினார். அருவிக்கரையில் நின்ற கதாநாயகி அடுத்த நொடி வீட்டுக் கட்டிலில் கிடந்தாள். பெண்கள் பக்கம் ஒரு கணம் புரியாமல் பார்த்தது. பிறகு வெடித்தது. “எங்கலே குருவம்மா? குருவம்மாவப் போடுலே!” முறுக்கும் வெள்ளரிப்பிஞ்சும் திரையில் போய் விழுந்தன. ஒருத்திகூட எழுந்து போகவில்லை. படத்தை ஓட விடவும் இல்லை. குற்றாலிங்கம் கையைக் கூப்பிக்கொண்டு உள்ளே வந்தார். கால்மணி நேரத்தில் வெட்டிய துண்டை ஒட்டி, அந்தக் காட்சியைத் தனியாக ஓட்டிக் காட்டிய பிறகுதான் கொட்டகை அடங்கியது. வெளியே வந்தவர் ரோட்டில் குடையோடு நின்ற ஜெபமலரைப் பார்த்தார்.

“உள்ள வந்து தொலை. நீ வெளிய நிக்கது எனக்குத்தான் கேடா இருக்கு.”

“டிக்கெட் எடுத்துத்தான் வருவேன்.”

“எடுத்துட்டே வா!”

கொட்டகை திறந்துகொண்டது. அடுத்தது அச்சகம் அடைத்துக்கொண்டது. படக் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ் வந்து சேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் பகிரங்கமாக வருத்தம் தெரிவிக்காவிட்டால் கோர்ட் என்றிருந்தது. நல்லகண்ணு கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். வருத்தத்தை நாலு வரியில் எழுதி அவளிடம் நீட்டினார். எழுதிய கை அவருடையதுதான், ஆனால் கீழே ‘ஜெபமலர்’ என்றிருந்தது.

“இதைக் கோத்துரு தாயி. நாலே வரி. ஊரு மறந்துரும்.”

“உங்க பேரைப் போட்டா கோத்துத் தாரேன். என் பேரைப் போட்டா கோக்க மாட்டேன்.”

“நான் கோர்ட்டுக்குப் போக முடியுமா?”

“நான் போறேன். என் பேருதானே இருக்கு.”

“கோபத்துல பேசாத. யோசிச்சுப் பாரு.”

“ரெண்டு ஆட்டம் பாத்து, இலத்தூர் போய்க் கேட்டுத்தான் அண்ணாச்சி எழுதுனேன்.”

கையில் ஒட்டியிருந்த ஈயக் கறுப்பைக் கழுவிவிட்டு, ஏழு வருஷம் உட்கார்ந்த முக்காலியை மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு அவள் வெளியே வந்தாள். அந்த நாலு வரியை நல்லகண்ணுவே கோத்தார். அவருக்குப் பழக்கம் இல்லை. ‘வருத்தம்’ என்ற சொல்லில் ஒரு எழுத்துத் தலைகீழாக நின்றது. அடியில் ‘ஆசிரியர்’ என்று மட்டும் போட்டிருந்தார்.

செங்கோட்டையில் மூசா என்பவர் கல்யாணப் பத்திரிகையும் நோட்டீஸும் அடிக்கிற சின்ன அச்சகம் வைத்திருந்தார். ஜெபமலர் போய் நின்றாள். “உங்க மிஷின் ராத்திரி தூங்கட்டும், பகல்ல அது தூங்குற நேரத்த எனக்குக் குடுங்க பாய். உங்க கல்யாணப் பத்திரிகைய நான் கோத்துத் தாரேன். என் தாளை நீங்க அடிச்சுத் தாங்க” என்றாள். மூசா அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வக்கீல் நோட்டீஸ் கேஸ் நீங்கதானா? எங்க வீட்டுல உங்க எழுத்தப் படிச்சிட்டுத்தான் எனக்குச் சோறு போடுதாவ. உக்காருங்க” என்றார்.

இப்படி ‘பெண்கள் பக்கம்’ நாலு பக்கத் தாளாகத் தனியே வந்தது. முதல் தாளின் முதல் பக்கத்தில் வக்கீல் நோட்டீஸை முழுசாகப் போட்டு, கீழே பதில் போட்டாள்: “கதாநாயகி அவர்கள் தென்காசிக்கு எழுந்தருளி இடது கையை நீட்டட்டும். அதில் வாலில்லாத தேள் இருந்தால் நான் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். – ஜெபமலர்.” அதற்குப் பிறகு மதராஸிலிருந்து ஒரு கடுதாசியும் வரவில்லை. கோர்ட்டும் இல்லை, கச்சேரியும் இல்லை.

தாள் எட்டு வருஷம் வந்தது. ஒவ்வொரு சாரல் காலத்திலும் படக் கம்பெனிகள் குற்றாலத்துக்கு வந்தன. அவளும் போனாள். நடிகர்களைப் பேட்டி காண மற்ற நிருபர்கள் பங்களா வாசலில் காத்திருக்கும்போது, அவள் பின்பக்கம் போய் விளக்குத் தூக்குகிறவர்களையும் குழு நடனப் பெண்களையும் கூட்டத்தில் நிற்க வந்த உள்ளூர்க்காரர்களையும் கேட்டாள். படம் வெளிவரும்போது, திரையில் வராத பெயர்களெல்லாம் அவள் தாளின் கடைசிப் பக்கத்தில் வந்தன. குருவம்மாளின் பெயரைப் பார்த்த பிறகு ஐந்தருவிப் பக்கத்துப் பெண்களும் உஷாராகிவிட்டார்கள். தண்ணீர் கலங்கினால் பாறையைவிட்டு இறங்கி வந்துவிடுவார்கள். டைரக்டர் கத்தினால், “எழுதுற அக்காகிட்டச் சொல்லிருவோம்” என்பார்கள்.

1960இல் அப்பா ஒரு தடவை செங்கோட்டைக்கு வந்தார். மூசாவின் அச்சகத்தில் பெஞ்சில் உட்கார்ந்து, பழைய தாள்களை ஒன்றுவிடாமல் படித்தார். மத்தியானம் ஆகிவிட்டது.

“இதுல பொய் இல்ல,” என்றார்.

“இல்லப்பா.”

“ஆனா நீ போற எடம் தப்புதான். அத நான் சாகுற வரைக்கும் சொல்லுவேன்.”

“சொல்லுங்க. நானும் போவேன்.”

அவர் தலையை ஆட்டினார். இருவரும் சேர்ந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தார்கள். அதன்பிறகு மாதம் ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொன்றிலும் சினிமாவைக் கண்டித்து ஒரு வேதவசனம் இருந்தது. 1963இல் அவர் இறக்கும் வரை அது நிற்கவில்லை. ஜெபமலரும் தாளை அவருக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. அடுத்த வருஷம் சபைக்கு ஒரு புது ஐயர் வந்தார். முதல் ஞாயிறு வரிசையில் முழங்காலிட்டிருந்த அவளுக்கும் அப்பம் கொடுத்துவிட்டு அடுத்தவளிடம் போனார். கமிட்டியார் பிறகு அவரிடம் சண்டைக்குப் போனதாகக் கேள்வி. ஒன்பது வருஷமாக நடந்துபோன அதே நடையில் அவள் தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள்.

1966 சாரலில், மதராஸில் பெரிய அளவில் விற்கிற சினிமாப் பத்திரிகை ஒன்றின் உதவி ஆசிரியர் அவளைத் தேடிச் செங்கோட்டைக்கு வந்தார். கண்ணியமாகப் பேசினார். அவளைக் குற்றாலம் நிருபராகப் போட்டுக்கொள்ள ஆசிரியருக்கு விருப்பம் என்றார்.

“என்ன எழுதணும்?”

“ஸ்டார்கள் சீசனுக்கு வர்றாங்க இல்லையா? எந்த அருவியில குளிச்சாங்க, என்ன பழம் சாப்பிட்டாங்க, யாரோட வந்தாங்க. உங்க நடை ரொம்ப நல்லா இருக்கும்மா, சுவாரசியமா எழுதலாம்.”

“யாராவது விழுந்தா?”

அவர் சிரித்தார். “அதெல்லாம் எதுக்கும்மா?”

“அப்ப இது எனக்குத் தோதுப்படாது சார். பழம் தின்னதை எழுத உங்களுக்கு வேற ஆள் கிடைக்கும். நீங்க வந்த வழியிலதான் ஐந்தருவி. அங்க இன்னைக்கும் படம் புடிக்காவ. போய்ப் பாத்துட்டு நீங்களே எழுதலாமே?”

அவர் விசிட்டிங் கார்டை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்தார். உள்ளேயிருந்து மூசா, மிஷின் காலியாக இருக்கிறது என்று குரல் கொடுத்தார். ஜெபமலர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அன்று காலையில் ஐந்தருவியில் கேட்டு வந்த பெயர்களைக் கோக்கத் தொடங்கினாள்: வடிவம்மாள், குழு நடனம், ஊர் மதுரை.